முதுகில் ஒரு பை, கையில் ஒரு குழந்தை



கடல் கடந்து வாழும் உறவினர் விடுமுறைக்கு ஊர் திரும்புகின்றார்கள் என்றால் நம் இல்லங்களில் என்ன நடைபெறும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினைந்து நாள் விருந்து, பத்து வீட்டு அழைப்பு, இரண்டு திருமணம், ஒரு மரண விசாரிப்பு. பிறகு விமான நிலையத்தில் கண்ணீர். 2024ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்திலிருந்து வந்த என் தம்பி இந்த வழக்கத்தை மாற்றினான். ஒன்பது நாள் ஊரில் இருந்துவிட்டு, "ராத்தா, நீங்களும் மச்சானும் எங்களோடு இலங்கைக்கு வாருங்கள். பெட்டி வேண்டாம், ஆளுக்கு ஒரு முதுகுப் பை போதும்" என்றான்.

நான் பெண்கள் மத்ரசாவில் பாடம் நடத்துபவள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவள். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ரயிலேறும் வெள்ளைக்கார இளைஞர்களைக் கண்டு, "பாவம், வீட்டில் கேட்பாரில்லை போலும்" என்று எண்ணியவள். அத்தகைய நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம் காலி நகரம். எங்கள் பாட்டனார் இளமையில் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். 1914 முதல் 1964இன் பெரும்புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியதல்லவா, அதில் போவதும் வருவதுமாக இருந்தவர். கோட்டைச் சுவரில் அமர்ந்து அஸருக்குப் பின் கடலைப் பார்ப்பாராம். அச்சுவரை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாங்கள் ஐவர். நானும் என் கணவரும், தம்பியும் அவன் மனைவியும், அவர்களுடைய ஐந்து வயது மகனும். எல்லவுக்குப் பின் யால காட்டில் ஜீப் பயணம், பிறகு தென்கரையோரமாகக் காலி, அங்கிருந்து கொழும்பு. காட்டுப் பயணத்துக்கு இங்கிலாந்திலிருந்தே பணம் கட்டியிருந்தான். திட்டம் தாளில் மிக அழகாக இருந்தது.

பையும் பாதையும்

பையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் பெண்கள் இடறுமிடம் அதுதான். நான் எடுத்து வைத்தவற்றில் பாதியைத் தம்பி மனைவி வெளியே எடுத்துவிட்டாள். மூன்று உடுப்பு, ஒரு மெல்லிய தொழுகை விரிப்பு, விரைவில் உலரும் துண்டு, ஒளூ எடுக்க ஒரு சிறு செம்பு, மருந்துப் பொட்டலம், குழந்தைக்கு ஒரு போர்வை. "ஊறுகாய்?" என்றேன். "இலங்கையில் சம்பல் இருக்கிறது ராத்தா" என்றாள். முதல் நாள் நாணினேன். இரண்டாம் நாள் அவளுக்காக துஆ செய்தேன். படியேறி இறங்கும்போது இரு கைகளும் வெறுமையாக இருப்பது எத்தனை பெரிய வசதி என்பது குழந்தையோடு போகிறவர்களுக்கே விளங்கும். ஒரு கை பிள்ளைக்கு, மறு கை கம்பிக்கு.

திருச்சியில் ஏறி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பில் இறங்கினோம். புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக நிற்கும் பள்ளிவாசலைக் கண்டதும் குழந்தை, "மாமி, இது மிட்டாயில் கட்டியதா?" என்று கேட்டான். 1908இல் தொடங்கி 1909இல் முடித்த அப்பள்ளி, தென்னிந்தியாவிலிருந்து வணிகத்துக்காக வந்த நம்மவர் எழுப்பியது. சம்மாங்கோட்டுப் பள்ளி என்று அங்குள்ளோர் அழைக்கின்றனர். கடைத்தெருவில் தமிழ் பேசிப் பொருள் வாங்கலாம். ஆனால் நம் தமிழை அவர்கள் சினிமாத் தமிழ் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் ரொட்டியைப் பாண் என்றும், ஆட்டோவை முச்சக்கர வண்டி என்றும் சொல்வதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் கோட்டை நிலையத்திலிருந்து கண்டிக்கு ரயில். 1867இல் போட்ட பாதை அது. றம்புக்கனையைக் கடந்ததும் வண்டி மூச்சு வாங்கி ஏறத் தொடங்குகிறது. கடுகண்ணாவைப் பக்கம் ஒருபுறம் பாறை, மறுபுறம் அதலபாதாளம். கண்டியில் மூன்று இரவு தங்கினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் சென்றார்கள். பெண்கள் தொழ எல்லாப் பள்ளிகளிலும் தனியிடம் இருக்குமென்று நம்பிப் போக வேண்டாம். விசாரித்தால் அருகிலுள்ள ஏதேனும் ஒரு வீட்டுத் தாய்மார் உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஒரு வீட்டில் தொழுகையோடு வட்டிலப்பமும் கிடைத்தது.

பேராதனைப் பூங்காவைக் குழந்தைகளுக்காகவே அமைத்தார்களோ என்று தோன்றும். 147 ஏக்கர் பரப்பு. 1821 முதல் வளர்த்து வரும் தாவரத் தோட்டம். மலர்களைப் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பிள்ளை, மரங்களில் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்களை இரண்டு மணி நேரம் அசையாது பார்த்துக்கொண்டிருந்தான். "இவை இரவில் எழுந்து தஹஜ்ஜுத் தொழுமா?" என்று கேட்டான். மத்ரசாவில் இருபது ஆண்டு பணியாற்றிய நான் விடை தெரியாமல் விழித்தேன்.

சனிக்கிழமை எல்லவுக்கு மலைரயில். முன்பதிவு கிடைக்காமல் இரண்டாம் வகுப்பில் நெரிந்துகொண்டு ஏறினோம். ஆறேழு மணி நேரப் பயணத்தில் முதல் இரண்டு மணி நேரம் நின்றபடியே. வெளிநாட்டு இளைஞர்கள் கதவோரம் கால்களைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றனர்; அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் ஆசைப்படுவார்கள். பாறையும் சுரங்கச் சுவரும் வண்டியை உரசுவது போல் வருவதைக் கண்ட எந்தத் தாயும் இதற்கு இணங்க மாட்டாள். வடை விற்பவர்கள் பழைய பள்ளி நோட்டுத் தாளில் சுற்றித் தருகிறார்கள். எங்களுக்கு வந்த தாளில் யாரோ ஒரு பிள்ளையின் வகுத்தல் கணக்கு; ஆசிரியர் சிவப்பு மையில் தவறென்று குறியிட்டிருந்தார். என் கணவர் வடையை மறந்துவிட்டுக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஹட்டன் பக்கம் மேகம் விலகிய ஒரு கணத்தில், கூர்த்த முக்கோணமாக ஒரு சிகரத்தைச் சக பயணி சுட்டிக் காட்டினார். பாவா ஆதம் மலை. உயரம் 2,243 மீட்டர். 1344இல் மாலத்தீவிலிருந்து வந்து புத்தளத்தில் கரையேறிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்ட ஒரே உதவி அம்மலைக்குப் போக வழி. அரசர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்தனுப்பினார். மலையேறி இறங்கிய பின் அவர் தெற்கே சென்று காலியையும் கண்டு, கொழும்பு வழியாகத் திரும்பினார். பல்லக்கோடு போனவர் பார்த்த காலியை முதுகுப் பையோடு போகும் நாங்களும் பார்ப்போம் என்று அப்போது என் உள்ளம் துள்ளியது. வண்டி பட்டிப்பொலவில் சுமார் 1,900 மீட்டர் உயரத்தைத் தொட்டபோது குளிரில் குழந்தை என் முந்தானைக்குள் புகுந்துகொண்டான்.

அந்தப் பாதையைப் பற்றி இங்கே ஒரு சொல். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் அம்மலைநாட்டை மிகக் கொடுமையாகத் தாக்கியது. மண்சரிவில் எண்ணற்றோர் மாண்டனர், ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. எனவே நான் எழுதுவது 2024இல் கண்டது. இனிச் செல்வோர் எந்தப் பகுதி வரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்த பின்னரே திட்டமிடுக.

எல்லவில் ஓர் இரவு

ஞாயிறு காலை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்தோம். 1921இல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டியது. 91 மீட்டர் நீளம். தேயிலைச் சரிவின் நடுவே அது வளைந்து நிற்பதைக் கண்டு "ஸுப்ஹானல்லாஹ்" என்றேன். திரும்பும் வழியில் பிள்ளை நடக்க மறுத்தான். களைப்பு என்று எண்ணித் தம்பி தோளில் ஏற்றிக்கொண்டான். இரவு மஃரிபுக்குப் பின் உடல் நெருப்பாகச் சுட்டது.

தம்பி மனைவி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த இபுபுரூஃபன் மருந்தை ஒரு மடக்கு கொடுத்தாள். காய்ச்சல் சற்றுத் தணிந்தது. விடிந்ததும் மீண்டும் ஏறியது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னான். அதைக் கேட்டதும் என் நெஞ்சு பதறியது. "இனி அந்த மருந்தைக் கொடுக்காதே. பாரசிட்டமால் மட்டும் கொடு. இரத்தம் பார்க்க வேண்டும்" என்றேன்.

தம்பி சினந்தான். "ராத்தா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது புதிதா? ரயிலில் குளிர் பட்டிருக்கும். நாளை மறுநாள் காட்டு வண்டிக்குப் பணம் கட்டியாயிற்று. நீங்கள் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறீர்கள்" என்றான். அவன் மனைவி இருவரையும் பார்த்துவிட்டு மௌனமாக இருந்தாள். என் கணவரும் முதலில் தம்பியின் பக்கமே. "ஒருநாள் பொறுத்துப் பார்ப்போமே" என்றார்.

சகோதரிகளே, நான் ஏன் பொறுக்கவில்லை என்பதை அவர்களிடம் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னேன். உங்களிடமும் மறைக்கப் போவதில்லை. 2017இல் எங்கள் மத்ரசா விடுதியில் பதின்மூன்று வயது மாணவி ஒருத்திக்குக் காய்ச்சல். நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லோரும் மகிழ்ந்தோம். "எழுந்து வகுப்புக்கு வா, பாடம் தவறிப் போகிறது" என்று அழைத்தவள் நான். அவளும் வந்து பின்வரிசையில் அமர்ந்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். காலையில் ஒன்றும் உண்ணாததால் என்று நினைத்தேன். அஸருக்குள் கை கால் சில்லிட்டது. மாவட்ட மருத்துவமனையை அடைந்தபோது காலம் கடந்திருந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே அபாயம் தொடங்கும் நேரம் என்பதை அதற்குப் பிறகே ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடல் குளிரத் தொடங்கும்போது, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. அந்த ஒருநாள், இரண்டு நாள் கண்காணிப்பில்தான் உயிர் தங்குகிறது. கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அமைதியின்மை அல்லது அளவுகடந்த சோர்வு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தப்போக்கை மிகுவிக்கும். இங்கிலாந்தில் அது ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் இருக்கும் சாதாரண மருந்து. தம்பி மனைவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்லி முடித்ததும் தம்பி வெளியே போய்விட்டான். அரை மணி நேரம் கழித்து முச்சக்கர வண்டியோடு வந்தான். ஒன்றும் பேசாமல் பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கினான்.

வார்டில் ஆறு நாள்

அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். இரத்தம் எடுத்தார்கள். டெங்கு என்று உறுதியாயிற்று. மறுநாள் காலை வெள்ளணுவும் தட்டணுவும் இறங்கத் தொடங்கவே, வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்நாட்டார் இந்நோயோடு போராடித் தேர்ந்தவர்கள். 2017 ஒரே ஆண்டில் 1,86,000 பேருக்கு மேல் அங்கே டெங்கு கண்டது. அதே நாடுதான் 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. ஒரு கொசுவை வென்றவர்களை மற்றொரு கொசு விடவில்லை.

அங்கே நான் கண்ட மருத்துவத்தில் பாதி, அளத்தல். பிள்ளை எத்தனை மில்லி குடித்தான், எத்தனை மில்லி சிறுநீர் கழித்தான் என்று மணிக்கணக்கில் ஒரு தாளில் எழுத வேண்டும். தாதியார் எழுதும் தாளோடு நானும் ஒரு நோட்டில் எழுதினேன். கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல், செவ்விளநீர். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அளவுக்கு மிஞ்சிக் குடிக்க வைப்பதும் கேடே. ஒரு சிங்களத் தாதிக்குத் தமிழ் சில சொற்களே தெரியும். "அம்மா, குடிக்க. சின்னச் சின்ன" என்பாள். அந்தச் சொற்களே எங்களுக்குப் போதுமாயிருந்தன.

அடுத்த கட்டிலில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த்தாய் ஒருத்தி, எட்டு வயது மகளோடு. கொழுந்து பறித்தால்தான் அன்றைய கூலி. ஐந்து நாளாகப் பறிக்கவில்லை. "சம்பளம் போகட்டும் அக்கா, புள்ள நிக்கட்டும்" என்றாள். கட்டிய காட்டுப் பயணப் பணம் திரும்ப வராது என்ற செய்தி தம்பியின் கைப்பேசிக்கு வந்தபோது, அவள் பேச்சு அவன் காதிலும் விழுந்தது. அதன் பிறகு அவன் யால என்ற சொல்லையே எடுக்கவில்லை. இரவில் அவளுடைய மகளுக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கி வந்தான்.

வியாழன் அதிகாலை காய்ச்சல் இறங்கியது. எனக்குக் கை நடுங்கியது. தம்பி மனைவி மகிழ்ச்சியில் அழுதாள். அவளை அழவிட்டுவிட்டு நான் பிள்ளையின் விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டேன், குளிர்கிறதா என்று. அந்தப் பகலும் அதை அடுத்த இரவும் நாங்கள் நால்வரும் முறை வைத்து விழித்திருந்தோம். தட்டணு இன்னும் இறங்கி, ஒரு நாள் அங்கேயே நின்று, வெள்ளி மாலை ஏறத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை முதலில் கேட்டது ஐஸ்கிரீம்.

தொழுகையைப் பற்றிச் சிலர் கேட்பீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில், ஓரிடத்தில் நான்கு முழு நாள் தங்குவதென்று முடிவு செய்த பயணிக்குக் கஸ்ர் சலுகை நின்றுவிடும். ஆனால் இன்று முடியுமா நாளை முடியுமா என்று தெரியாத ஒரு காரியத்தில் காத்திருப்பவர் பதினெட்டு நாள் வரை சுருக்கித் தொழலாம். பாடத்தில் பலமுறை நடத்திய சட்டம். வார்டின் மூலையில் விரிப்பை விரித்தபோதுதான் அது யாருக்காக இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

சனிக்கிழமை சுற்றுக்கு வந்த மருத்துவர் தமிழர். தம்பி அவரிடம், "உங்கள் மலைநாட்டுக் கொசு எங்களை ஒரு வழி செய்துவிட்டது டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவர் சிரிக்கவில்லை. கைவிரலில் எண்ணினார். "இலங்கைக்கு என்றைக்கு வந்தீர்கள்?" "ஜூலை 23." "காய்ச்சல்?" "28 இரவு." "கடித்த பிறகு நோய் தோன்ற நான்கு முதல் பத்து நாள் ஆகும். அப்படியானால் 18க்கும் 24க்கும் நடுவில் கடித்திருக்கிறது. இங்கே ஒன்றிரண்டு நாள். மற்ற நாளெல்லாம் உங்கள் ஊர். பெரும்பாலும் நீங்கள் கொண்டு வந்ததுதான்."

தம்பி என்னைப் பார்த்தான். அந்த ஒன்பது நாளும் அவர்கள் தங்கியிருந்தது எங்கள் வீட்டில்.

ஞாயிறன்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் கொழும்பில் விமானம். காலிக்குப் போய்வர இனி நேரமில்லை. "ராத்தா, விமானத்தை மாற்றிக்கொள்வோம், ஒரு நாள் காலி பார்த்துவிடலாம்" என்று தம்பி தானாகவே சொன்னான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன், கன்னமெல்லாம் வற்றிப்போயிருந்தது. வேண்டாம் என்றேன். வாடகை வேனில் இறங்கினோம். பிள்ளை வழிநெடுக என் மடியில் உறங்கினான்.

ஊர் திரும்பிய அன்று பையைக்கூட இறக்கி வைக்காமல் மொட்டை மாடிக்குப் போனேன். ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். பூந்தொட்டித் தட்டுகள் உலர்ந்திருந்தன. தொட்டி மூடி சரியாகவே இருந்தது. கொல்லைப்புறம் இறங்கினேன். மின் அரைப்பான் வந்த நாளில் வேலியோரம் உருட்டிவிட்ட உம்மாவின் பழைய ஆட்டுக்கல் நிமிர்ந்தபடி கிடந்தது. ஜூலையில் தம்பி மகன் அதன் மேல் ஏறி நின்று கொய்யாப்பழம் பறித்தது நினைவுக்கு வந்தது. குழியில் அரைச்சாண் மழைநீர். உற்றுப் பார்த்தால் நூல்நூலாக நெளியும் புழுக்கள்.

கவிழ்க்கப் பார்த்தேன், அசையவில்லை. என் கணவர் வந்து தோள் கொடுத்தும் அசையவில்லை. நீரை அகப்பையால் மொண்டு வெயில் காய்ந்த மண்ணில் ஊற்றினோம். பிறகு அவர் தெருவிலிருந்து ஒரு கூடை மணல் கொண்டுவந்தார். விளிம்பு வரை கொட்டி, கையால் அழுத்தி நிரப்பினேன்.